சிலைக்கு முன்னால் வாயை மூடச் சொன்னது யார்?

கலைக்கூடத்தில் சிற்பத்தைச் சுற்றி உட்கார்ந்து வீணையும் மிருதங்கமும் வாசிப்பது வெளிநாட்டுச் சரக்கு, மைசூரு மாதிரி மரபு ஊறிய ஊருக்கு அது அவமானம் என்று நண்பர் ஒருவர் கட்டுரையில் நீட்டி முழக்கியிருக்கிறார். சிற்பத்தை மௌனமாகத்தான் பார்க்க வேண்டுமாம். இசைக்குத்தான் சபா இருக்கிறதாம். சேர்த்தால் இரண்டும் கெடுமாம். போதாக்குறைக்குச் சிற்ப சாஸ்திரத்தையும் சாட்சிக்கு இழுத்திருக்கிறார். இழுத்த கையோடு ஒருமுறை புரட்டியும் பார்த்திருக்கலாம்.

விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்தில் வஜ்ரன் என்ற அரசன் மார்க்கண்டேயரிடம் சிலை செய்யும் வித்தையைக் கேட்கிறான். ஓவியம் தெரியாமல் அது வராது என்கிறார் முனிவர். ஓவியத்துக்கு நாட்டியம் வேண்டும், நாட்டியத்துக்கு வாத்தியம், வாத்தியத்துக்குப் பாட்டு என்று அரசனைப் படிப்படியாக இறக்கிக்கொண்டுபோய் வாய்ப்பாட்டில் நிறுத்துகிறார். நண்பரின் சாட்சி சொல்வது இதுதான்: பாட்டு தெரியாதவன் உளியைத் தொட லாயக்கில்லை.

பட்டறையிலும் இதே கதைதான். ஸ்தபதி கல்லைக் கண்ணால் மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. சுத்தியலால் தட்டிவிட்டுக் காதைக் கொடுக்கிறார். மணிபோலக் கணீரென்று ஒலித்தால் ஆண் கல் என்று வைத்துக்கொள்வார்கள். ஓசையே எழாத கல் மூலவருக்கு ஆகாது. மௌனமான கல்லைத்தான் நம் மரபு முதலில் கழித்துக்கட்டுகிறது. (நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களை நான் சாட்சிக்கு அழைக்கவில்லை. எல்லோரும் அழைத்து அழைத்து அவை களைத்துப்போயிருக்கும்.)

சரி, நண்பர் காவல் காக்கும் அந்த மௌனத்துக்கு வயது என்ன? மைசூரு ஜகன்மோகன் அரண்மனை 1861இல் எழுந்தது. அது கலைக்கூடம் ஆனது 1915இல். கண்ணாடிப் பேழை, தொடாதே என்ற பலகை, செருப்புச் சத்தத்துக்கே முகம் சுளிக்கும் காவலர் எல்லாம் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த ஏற்பாடு. வெளிநாட்டுச் சரக்கைக் கொளுத்துவதென்றால் முதல் தீக்குச்சியை அங்கேதான் உரச வேண்டும். அந்தக் கூடத்தின் புகழ்பெற்ற பொருள்களில் ஒன்று எது தெரியுமா? பிரெஞ்சு இசைக் கடிகாரம். அதில் பொம்மைச் சிப்பாய்கள் அணிவகுப்பார்கள். உருவமும் ஓசையும் ஒன்றாகச் சேர்ந்த அதை வேடிக்கை பார்க்கலாம். ரத்தமும் சதையுமாக ஒருவர் உட்கார்ந்து வாசித்தால் மட்டும் மரபு கெட்டுவிடும்!

மைசூருக்குப் பக்கத்தில்தான் சோமநாதபுரம். 1258இல் கட்டிய ஹொய்சளக் கோயில். மூன்று கருவறைகளில் ஒன்றில் வேணுகோபாலன் குழலூதி நிற்கிறான். அவன் காலடியில் மாடுகள் கழுத்தை நீட்டிக் கேட்கின்றன. கேட்பதையே கல்லில் வடித்திருக்கிறான் சிற்பி. இன்று அங்கே நிசப்தம்தான். ஆனால் அது மரபு அல்ல, இழப்பு. நடுக்கருவறையின் மூலக் கேசவர் காணாமல் போய், வழிபாடு நின்று, தொல்லியல் துறையின் பாதுகாப்புச் சின்னமாகிவிட்டதால் வந்த நிசப்தம். மேளச் சத்தம் இருந்த இடத்தில் அது நின்றுபோனதை மரபு என்று கொண்டாடுகிறவரை என்ன சொல்ல?

நண்பர் மறந்துவிட்ட, அல்லது வசதியாக மறைத்துவிட்ட ஒரு மைசூர்க்காரர் இருக்கிறார். கே. வெங்கடப்பா. 1886இல் சித்திரக்காரர் குடும்பத்தில் பிறந்து, கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்று, மைசூரு அரண்மனைக்குப் புடைப்புச் சிற்பங்கள் செய்தவர். அதே மனிதர் வீணை சேஷண்ணாவிடம் வீணை கற்றார். பொழுதுபோக்காக அல்ல, பித்தாக. அந்தப் பித்தையே ஒரு ஓவியமாகவும் தீட்டினார். சுதையைப் பிசைந்த விரல்தான் தந்தியையும் மீட்டியது. இவரிடம் போய், ஐயா, உங்கள் இடது கை சபாவுக்கு, வலது கை கலைக்கூடத்துக்கு என்று நண்பர் பிரித்துக்கொடுப்பாரா?

அந்த வீணையைத்தான் எடுத்துக்கொள்ளுங்களேன். குடத்தைக் குடைந்து, தண்டியைச் சேர்த்து, நுனியில் யாளி முகத்தைச் செதுக்கித் தருகிறவர் சிற்பியா, வாத்தியக்காரரா? எந்தக் கட்டடத்துக்குள் அவரை விடுவீர்கள்?

1969இல் லண்டனில் கில்பர்ட், ஜார்ஜ் இருவரும் முகத்திலும் கைகளிலும் உலோகப் பூச்சோடு மேசைமேல் நின்று, ஒலிப்பதிவில் ஓடிய பழைய பாட்டுக்கு அசைந்து தங்களையே பாடும் சிற்பம் என்றார்கள். இங்கே நடப்பதெல்லாம் அதன் காப்பி என்பது நண்பரின் கடைசி அஸ்திரம். அங்கே பாட்டு ஒலிப்பதிவிலிருந்து வந்தது. இங்கே வித்வான் எதிரே உள்ள சிலையைப் பார்த்துக்கொண்டே ராகத்தை எங்கே நிறுத்துவது என்று அந்த நொடியில் முடிவெடுக்கிறார். காப்பி என்று சொல்லக்கூட இரண்டையும் பார்த்திருக்க வேண்டும்.

இந்த நிகழ்ச்சிகளில் குறையே இல்லையா? நிறைய உண்டு. வெறும் சுவரும் பளிங்குத் தரையும் உள்ள கூடத்தில் மிருதங்கத்தின் சொற்கட்டு எதிரொலியில் குழம்பிக் கஞ்சியாகிவிடும். தரையில் ஜமக்காளம் விரித்து, சுவரில் துணி தொங்கவிட்டாலே பாதி சரியாகும். அதைக்கூடச் செய்யாத அமைப்பாளர்கள் இருக்கிறார்கள். அழைப்பிதழில் சிற்பியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். வாசிப்பவரோ நேரடி இசையுடன் என்ற ஒற்றை வரியாகக் கீழே கிடப்பார். சன்மானம் பொன்னாடையோடு முடிந்துவிடும். வெங்கடப்பாவே தனக்குச் சேர வேண்டிய ஊதியத்துக்காக அரண்மனைமீது வழக்குப் போட்டவர். இந்தக் குறைகளைப் பற்றி நண்பரின் நீளக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. ஜமக்காளம் விரிக்காதவரையும் கூலி கொடுக்காதவரையும் விட்டுவிட்டு, வாசிக்க வந்தவரைத்தான் வாசலில் மறிக்கிறார்.