சட்டம் தந்த உரிமை கோரமண்டலை எட்டுமா?

புதுடில்லி: மனநலப் பராமரிப்பு மசோதா, 2016 ஆகஸ்டில் மாநிலங்களவையிலும், 2017 மார்ச் 27 அன்று மக்களவையிலும் நிறைவேறியது. மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொரு குடிமகனின் உரிமை என்று அறிவித்த இச்சட்டம், 2018-ல் நடைமுறைக்கு வந்தது. சிறுவர்களுக்கான மனநலச் சேவையையும் அரசின் கடமைகளில் ஒன்றாக இச்சட்டம் வரையறுத்துள்ளது. ஏட்டில் உள்ள இந்த உரிமை எதுவரை சென்றுள்ளது என்பதை அறிய, கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் உள்ள கோரமண்டல் போன்ற ஊர்களையே பார்க்க வேண்டும்.

2001 பிப்ரவரி 28-ல் பொதுத்துறை நிறுவனமான பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது, தலைமுறைகளாக அங்கு உழைத்த தமிழ்க் குடும்பங்கள் வாழ்வாதாரம் இழந்தன. இன்று ஆயிரக்கணக்கானோர் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் வீடு திரும்புகின்றனர். வளரும் பிள்ளைகளின் தூக்கம், பேச்சு, நடத்தை ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களைக் கவனிக்கப் பல பெற்றோருக்கு நேரம் கிடைப்பதில்லை.

'பைபோலார்' எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறு வெளிப்படுவது பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலும், இளமைப் பருவத்தின் தொடக்கத்திலும்தான். சில நாட்கள் மிகையான உற்சாகம், ஓயாத பேச்சு, தூங்காமலேயே களைப்பின்மை, எல்லை மீறிய துணிச்சல். பின்னர் வாரக்கணக்கில் ஆழ்ந்த சோர்வு, பள்ளியில் நாட்டமின்மை, வாழ்வில் வெறுப்பு. இதனைத் 'திமிர்' என்றும் 'சோம்பேறித்தனம்' என்றும் ஆசிரியர்கள் கண்டிப்பதும், 'காற்றுக் கருப்பு' என்று குடும்பத்தார் மந்திரிக்கச் செல்வதும் நாடெங்கும் காணப்படுபவை. தற்கொலை அபாயம் மிகுந்த இந்நோயில், காலதாமதத்துக்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேரிடலாம்.

அதே வேளையில், கோபப்படும் பிள்ளைகள் அனைவருக்கும் இந்நோயின் பெயரைச் சூட்டுவதும் தவறு. அமெரிக்காவில் 1994-க்கும் 2003-க்கும் இடையில் சிறுவர்களிடம் இந்நோய் இருப்பதாகக் கூறப்பட்ட மருத்துவ வருகைகள் சுமார் 40 மடங்கு பெருகின. இதனால் எழுந்த சர்ச்சையின் விளைவாக, ஓயாத எரிச்சலுக்கெனத் தனி நோய்ப்பிரிவு 2013-ல் வகுக்கப்பட்டது. மறுபுறம், இந்நோயைச் சாதாரண மனச்சோர்வு எனக் கருதி, அதற்குரிய மாத்திரையை மட்டும் கொடுத்தால் மிகையெழுச்சி தூண்டப்படக் கூடும். இரண்டையும் பிரித்தறியப் பயிற்சி பெற்ற மருத்துவர் தேவை. முக்கிய மருந்தான லித்தியத்தின் விலை குறைவு. ஆனால், அதனை உட்கொள்வோருக்கு அவ்வப்போது இரத்தப் பரிசோதனை கட்டாயம்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இருதுருவக் கோளாறு உள்ளோரில் சுமார் 70 சதவீதத்தினர் சிகிச்சை பெறவில்லை. ஆராயப்பட்ட 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. நாடே நாடிவரும் அந்த நிறுவனம், தங்கவயலிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டரில்தான் உள்ளது. ஆனால், தினக்கூலியை இழந்து, பிள்ளையுடன் மாதந்தோறும் செல்ல வேண்டிய குடும்பத்துக்கு அது நெடுந்தொலைவே.

2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' 14416 தொலைபேசிச் சேவை வரவேற்கத்தக்கது. எனினும், இரத்தப் பரிசோதனையைத் தொலைபேசி செய்யாது. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் முதல் இலவசமாக, எந்நேரமும் கிடைக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 18-வது பிரிவு. மருந்தோடு, தமிழில் உரையாடும் ஆலோசகரும், அறிகுறிகளை அறிந்த ஆசிரியரும் தங்கவயலுக்குத் தேவை.

மனநலப் பணியாளர் எண்ணிக்கையைப் பத்தாண்டுகளுக்குள் சர்வதேச அளவுக்கு உயர்த்த அரசுகள் முயல வேண்டும் என்கிறது 31-வது பிரிவு. அக்கெடு 2028-ல் முடிகிறது. மாவட்டவாரியான கணக்கை மத்திய, மாநில அரசுகள் அவையில் வைக்க வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுவது உறுப்பினர்களின் கடமை. சட்டம் இயற்றியதோடு நாடாளுமன்றத்தின் பொறுப்பு முடிந்துவிடவில்லை.