பதினோராம் வகுப்பில் பசிக்காதா?

சோற்றுப் பானையின் அடியை வழிப்பது யார் என்று நம் வீடுகளில் பாருங்கள். தகப்பன், தம்பி எல்லோரும் உண்டபின் தாயும் வயதுக்கு வந்த மகளும்தான். நடவு இல்லாத மாதத்தில் அதுவும் பாதி.

உடம்பு வளரும் வயது. மாதந்தோறும் ரத்தம் போகும் வயது. சர்க்காரே 2019-21ல் எடுத்த குடும்பநலக் கணக்கின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேருக்கு ரத்தசோகை. பையன்களில் 31 பேர். பிள்ளை வகுப்பில் தூங்கி விழுந்தால் வாத்தியார் சோம்பேறி என்கிறார். காலையில் அது என்ன சாப்பிட்டது என்று யார் கேட்டார்கள்?

நாளைக்கு உலை வைக்க அரிசி உண்டா என்ற கவலை பெரியவர்களோடு நிற்பதில்லை. "எனக்குப் பசிக்கவில்லை" என்று பொய் சொல்லித் தம்பியிடம் தட்டைத் தள்ளும் பிள்ளை, இரவில் உறங்காமல் புரளும்.

2013 முதல் வாரம் ஓர் இரும்புச் சத்து மாத்திரை தருகிறார்கள். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டுகிறதே, மாத்திரைக்கு முன் சோறு வேண்டாமா?

ரேஷன் அரிசி இலவசம். அது இல்லாவிட்டால் பல வீடுகளில் அடுப்பே எரியாது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் துவரம் பருப்பு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ. ஐந்து பேர் உள்ள வீட்டில் தலைக்கு நாளொன்றுக்கு ஏழு கிராம்கூட இல்லை!

1982ல் தொடங்கிய சத்துணவு 1984ல் பத்தாம் வகுப்பு வரை வந்தது. அங்கேயே நின்று விட்டது. ஒரே பள்ளி, ஒரே மணி. தங்கை தட்டோடு வரிசையில் நிற்கிறாள்; பதினோராம் வகுப்பு அக்கா குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிறாள்.

இந்த வயதுப் பெண்ணைத் தேடித்தான் மில் தரகன் வந்தான். கோவை, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளுக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று சொல்லி அழைத்துப் போனதை மில் தோழர்கள் அறிவார்கள். மூன்று வருஷம் கழித்துக் கல்யாணப் பணம் என்றான். அதைவிட, மூன்று வேளைச் சோறு என்ற சொல்லுக்கே பல தகப்பன்மார் தலையாட்டினார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை சத்துணவு வேண்டும். பருப்பைத் தலைக்கணக்கில் அளக்க வேண்டும். பணம் எங்கே என்பார்கள். சமையற்கூடம் இருக்கிறது, அடுப்பு எரிகிறது, ஆயாவும் இருக்கிறார். இரண்டு வகுப்புக்குக் கூடுதலாக உலை வைப்பதுதான் பாக்கி.