விசாரணை அறையிலும் கேமரா வேண்டும்

"கேமராவுக்கு முன்னால் உட்காரவைத்துக் கேட்டால் கொலைகாரன் வாயைத் திறப்பானா?" திருத்துறைப்பூண்டியில் மட்டுமல்ல, தமிழ்நாடெங்கும் படித்தவர்கள்கூட இப்படித்தான் கேட்கிறார்கள்.

திறந்தாலும், போலீசாரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் சொன்ன இதையே 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆம் பிரிவும் சொல்கிறது. முக்கியமான விலக்கு ஒன்று உண்டு: குற்றஞ்சாட்டப்பட்டவன் சொல்லி அரிவாளோ நகையோ கிடைத்தால், அதைப் பற்றிய பேச்சு மட்டும் சாட்சியமாகும். இப்போது பொருளைக் கைப்பற்றுவதை வீடியோ எடுப்பது கட்டாயம். ஆனால் அந்த இடத்தை அவனாகச் சொன்னானா, அடி தாங்காமல் சொன்னானா, யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? இதற்கு விடை இருக்கும் அறையில் பதிவு கட்டாயமில்லை. வழக்கின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது.

"ஸ்டேஷனில்தான் சிசிடிவி இருக்கிறதே" என்கிறார்கள். சாத்தான்குளம் ஸ்டேஷனிலும் இருந்தது. 2020 ஜூனில் தந்தையும் மகனும் அங்கே அடிபட்ட இரவின் காட்சி கிடைக்கவில்லை. அன்றாடம் தானாக அழியும்படி கருவி அமைக்கப்பட்டிருந்ததை மாஜிஸ்திரேட்டின் அறிக்கை சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதமோ, குறைந்தது ஓராண்டோ வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரத்தில் நடந்தது என்ன? நகை காணோம் என்ற புகாருக்காகக் கோயில் காவலாளியை ஸ்டேஷனுக்கு வெளியே வைத்து அடித்தார்கள். உடலில் 44 காயங்கள். வெளியே வந்த காட்சி, யாரோ ஒளிந்து நின்று செல்போனில் எடுத்தது. ஆகவே சுவரில் கேமரா மாட்டினால் போதாது; பதிவில்லாத விசாரணையில் பெற்ற எதுவும், பொருள் கிடைக்கக் காரணமான பேச்சு உட்பட, செல்லாது என்று விதி வேண்டும். அமெரிக்காவின் அலாஸ்காவில் 1985இலேயே அம்மாநில உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இதைச் சொல்லிவிட்டது.

ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும் என்பது ஏற்கெனவே உச்ச நீதிமன்ற உத்தரவு; ஆகவே செலவைப் பற்றிச் சொல்வது வெறும் சாக்கு.

"போலீசை நம்பாவிட்டால் எப்படி?" என்பதுதான் மிச்சம். நேர்மையான இன்ஸ்பெக்டருக்குத்தான் இது முதல் துணை. "அடித்து எழுதி வாங்கினார்கள்" என்று கூண்டில் சொல்லும் பொய்க்கு, பதிவைப் போட்டுக் காட்டுவதைவிட வேறென்ன பதில் வேண்டும்?

ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் வருகையைப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் கட்டாயமாக்குகிறது. விசாரணைப் பதிவுக்கும் அதே வரம்பை வைக்கலாம். குற்றவியல் நடைமுறையும் சாட்சியமும் பொதுப்பட்டியலில் உள்ளவை. குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு மாநிலமே திருத்தம் கொண்டுவரலாம். திருத்துறைப்பூண்டி வாக்காளர்களே, உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள்.