இரண்டு வங்கிகளும் ஒரு கடனட்டையும்

கல்முனைப் பகுதியிலிருந்து ஆசிரியர் ஒருவர் நமக்கு எழுதியுள்ள கடிதம் பல குடும்பங்களுக்குப் பயன்படக்கூடியது. ஆகையால் அதனையே இவ்வாரம் எடுத்துக்கொள்கிறோம். அன்பருடைய சம்பளம் பதினைந்து ஆண்டுகளாக ஒரே வங்கிக்கு வந்துகொண்டிருக்கிறது. கடனட்டை தருவதாக அவ்வங்கி கூறுகிறது. இதற்கிடையில் வேறொரு வங்கியின் அலுவலர்கள் பாடசாலைக்கே வந்து, முதல் ஆண்டுக்குக் கட்டணம் இல்லை, கடைகளில் விலைக்கழிவு உண்டு என்று சொல்லி, விண்ணப்பப் படிவத்தை மேசையில் வைத்துச் சென்றிருக்கிறார்கள். மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அவளுக்குக் கணினி ஒன்று வாங்க வேண்டும். எந்த வங்கியின் அட்டையை எடுப்பது என்று வினவுகிறார்.

தேடி வந்து கொடுக்கும் வழக்கம் புதியதன்று. 1958ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துப் பிரெஸ்னோ நகரில், பாங்க் ஒவ் அமெரிக்கா ஏறத்தாழ 60,000 பேருக்கு அவர்கள் கேளாமலே அட்டைகளைத் தபாலில் அனுப்பிவைத்தது. கேளாதவருக்கு அட்டை அனுப்பலாகாது என்று அந்நாடு சட்டம் செய்ததோ 1970இலேதான். படிவம் கொண்டுவந்த இளைஞர்களை நாம் குறை சொல்லவில்லை. அது அவர்களுடைய பிழைப்பு. ஆயினும், வீடு தேடி வந்த சம்பந்தம் என்பதற்காக விசாரிக்காமல் பெண் கொடுப்பவர் உண்டோ?

விலைக்கழிவும் கட்டணச் சலுகையும் சிறு விடயங்கள். பெரிய விடயம் வட்டி. கடனட்டைக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18 வீதத்துக்கு மேல் வட்டி வாங்கலாகாது என்று நமது மத்திய வங்கி 2020 ஆகஸ்ட்டில் வரம்பு விதித்தது. பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், 2023 ஆகஸ்ட்டில் அது விதித்த வரம்பு 28 வீதம். மூன்றே ஆண்டுகளில் இத்தனை வேறுபாடு! படிவத்தில் கையொப்பமிடும் நாளில் உள்ள வட்டியே என்றும் நிற்கும் என்று எவரும் எண்ணலாகாது.

அந்த 28 வீதத்தைக் கொண்டே கணக்குப் பார்ப்போம். மாணவர்களும் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். கணினியின் விலை 150,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். குறித்த தவணைக்குள் முழுத் தொகையையும் செலுத்திவிட்டால் வட்டி இல்லை. செலுத்தாவிடின், ஒரு மாத வட்டி 3,500 ரூபா. ‘ஆகக்குறைந்த கொடுப்பனவு’ என்று பட்டியலில் அச்சிட்டிருப்பது நூற்றுக்கு ஐந்து வீதமானால், அன்பர் கட்டுவது 7,500 ரூபா. அதில் கடனிலிருந்து கழிவது 4,000 மட்டுமே. அடுத்த மாதமும் 146,000 ரூபா கடன் அப்படியே காத்திருக்கும். அதுவுமன்றி, பழைய நிலுவை இருக்கும் வேளையில் புதிதாக வாங்கும் பொருளுக்கு, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்குவது பொதுவான வழக்கம். அட்டையைக் கொண்டு இயந்திரத்தில் காசு எடுப்பதோ அதனினும் கேடு. அதற்குத் தவணை நாட்களே கிடையா.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அதே 2023 உத்தரவில் நகை அடகுக்கு விதிக்கப்பட்ட உச்ச வட்டி 18 வீதம். அதே தொகைக்கு மாதம் 2,250 ரூபாதான். உம்மாவின் காப்பை அடகு வைப்பது மானக்கேடு என்றும், அட்டையை நீட்டுவது நாகரிகம் என்றும் நினைக்கிறோம். கணக்கு வேறு விதமாகச் சொல்லுகிறது.

வங்கிகள் இரண்டனுள் எது என்ற வினாவுக்கு வருவோம். சம்பளம் விழும் வங்கியிலேயே அட்டை எடுப்பதில் வசதி உண்டு. வருமானத்தை அவர்கள் அறிவார்கள். காரியம் விரைவில் முடியும். மாதந்தோறும் முழு நிலுவையையும் கணக்கிலிருந்து தாமே கழித்துக்கொள்ளுமாறு எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் அதே வசதி மறுபக்கமும் வெட்டும். நிலுவை தவறினால் உங்கள் கணக்கிலுள்ள பணத்தை எடுத்து ஈடுசெய்துகொள்ளும் உரிமையை வங்கிகள் ஒப்பந்தத்திலே எழுதி வைத்துக்கொள்வதுண்டு. சம்பளம் விழுந்த அன்றே அது கரைந்திருந்தால் அரிசிக்கு எங்கே போவது? வேறு வங்கியின் கை அந்தக் கணக்குக்கு எட்டாது. அதற்காக அவ்வங்கியின் கடன் மறைந்திருக்கும் என்றும் எண்ண வேண்டாம். 1990ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகத்தின் ஏட்டில் இரண்டு வங்கிகளின் கணக்கும் ஏறும். நாளை வீடு கட்டக் கடன் கேட்கும்போது அந்த ஏடு பேசும்.

மாதச் சம்பளக்காரருக்கே இத்தனை கவனம் வேண்டுமானால், சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் வேளாண்மை செய்வோரைப் பற்றி என்ன சொல்வது! அவர்களுக்குக் காசு போகத்துக்கு ஒரு முறை வருகிறது. பட்டியலோ மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. கடைக்காரரின் கொப்பி அறுவடை வரை பொறுத்திருக்கும். அட்டை பொறுக்காது.

அன்பர் தமது கடிதத்தின் ஓரத்தில் மார்க்க வினா ஒன்றையும் எழுதியிருக்கிறார்: தவணைக்குள் கட்டிவிட்டால் வட்டிப் பாவம் இல்லையல்லவா? இஸ்லாமிய நாடுகளின் அமைப்பைச் சார்ந்த பிக்ஹ் அக்கடமி 2000ஆம் ஆண்டில் ரியாத் நகரில் கூடி இதனை ஆராய்ந்தது. வட்டி நிபந்தனை எழுதப்பட்ட அட்டையை, தவணைக்குள் கட்டும் எண்ணத்தோடு எடுப்பதும் கூடாது என்பது அதன் முடிவு. செய்த சேவைக்குரிய கட்டணத்தை அது தடுக்கவில்லை. ஊர் உலமாக்களிடம் அன்பர் கேட்டுத் தெளிவது நன்று. அம்முடிவை ஏற்பாராயின், இரண்டு வங்கிகளுக்குமிடையில் தேர்ந்தெடுக்க அவருக்கு எதுவுமில்லை. கணக்கிலுள்ள பணத்தை மட்டும் செலவிடும் பற்றட்டை போதும். கடையிலும் இணையத்திலும் அது செல்லும். கணினிக்கு, பொருளை வங்கியே வாங்கி இலாபம் வைத்துத் தவணையில் விற்கும் முராபஹா முறையை விசாரிக்கலாம். 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பின் இத்தகைய சேவைகளுக்கு இந்நாட்டில் வழி திறந்தது. முழுவதும் இம்முறையில் இயங்கும் அமானா வங்கி 2011இல் தொடங்கியது.

அவ்வகைத் தடை இல்லாத வாசகர்களுக்கு நம் கருத்து இது. முழுத் தொகையையும் மாதந்தோறும் கட்ட இயலுமானால், பழைய வங்கியிலேயே, சம்பளத்தின் பாதிக்கு மேற்படாத எல்லையோடு அட்டை எடுக்கலாம். கையொப்பமிடுமுன் நிபந்தனைகளைத் தமிழில் கேட்டு வாங்கி, வட்டி வீதம், பிந்திய கட்டணம், கணக்கிலிருந்து எடுக்கும் உரிமை ஆகியவற்றைப் படித்துப் பார்க்க வேண்டும். கட்ட இயலுமோ என்ற ஐயம் இருந்தால் இரண்டும் வேண்டாம். கணினி போன்ற பெருஞ்செலவுக்கு அரச ஊழியருக்குரிய இடர் கடன் இருக்கிறது. அதன் வட்டி அட்டை வட்டியின் அருகிலும் வராது.

மகளுக்குத் துணை அட்டை எடுத்துக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். துணை அட்டையில் பெயர்தான் மகளுடையது, கடன் வாப்பாவுடையது. அவள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கும் பற்றட்டையும் எடுத்து, மாதச் செலவை அதிலே இட்டுவிட்டால், பேராதனைக் குளிரில் அவள் எதற்கு எவ்வளவு செலவிடுகிறாள் என்பது அவளுக்கே தெரிந்துவிடும்.