துருவின் மேல் விழுந்த பழி

துருப்பிடித்த இரும்பு கிழித்தால்தான் டெட்டனஸ் வரும் என்ற நம்பிக்கை, மற்ற ஊர்களைப் போலவே தாம்பரம், முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கமும் ஆடு மாடு வளர்ப்போரிடம் வேரூன்றிக் கிடக்கிறது. துரு என்பது இரும்பும் ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்து உண்டானது. அதில் நோய் எதுவும் இல்லை. இருந்திருந்தால் பழைய இரும்புக் கடைக்காரர்கள் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். 1884-இல் ஜெர்மனியில் நிக்கோலயர் என்ற ஆய்வாளர் வெறும் தோட்டத்து மண்ணை எலி, முயல்களின் உடலில் செலுத்தியே இந்த நோயை வரவழைத்துக் காட்டினார். 1889-இல் கிடசாட்டோ என்ற ஆய்வாளர் அந்த நோயின் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். குளோஸ்ட்ரிடியம் டெட்டனி என்ற அந்தக் கிருமிக்குக் காற்று ஆகாது. விதைபோல் உறைந்து மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். காற்றுப் புகாத சதை கிடைத்ததும் முளைத்து நஞ்சைச் சுரக்கும்.

"துரு ஆணி குத்தி நோய் வந்திருக்கிறதே" என்பார்கள். வந்திருக்கலாம். அந்த ஆணி மண்ணில் கிடந்தது, சொரசொரப்பில் அழுக்கைச் சுமந்தது, வாய் குறுகிய ஆழமான புண்ணைப் போட்டது. இந்த மூன்றும் அமைந்தால் புத்தம்புது ஆணியும், ஏன், கருவேல முள்ளும் அதே வேலையைச் செய்யும். இதற்குச் சரியான சான்று கிடாக்குட்டிக்குக் காயடிக்க மாட்டும் ரப்பர் வளையம். அதில் இரும்பே கிடையாது. ஆனால் ரத்த ஓட்டம் நின்று சதை செத்துப்போகும் இடம் கிருமிக்கு ஏற்ற வீடு. சில நாள் கழித்துக் குட்டி விறைத்து நடக்கும், காது நிமிரும், வாய் கட்டிக்கொள்ளும், வயிறு உப்பும். துருவைத் தேடுகிறவர் கண்ணில் அந்த வளையம் படாது. கிருமி நுழையும் ஈன்ற மாட்டின் கருப்பையும், கன்றின் தொப்புளும் அப்படித்தான் அவர் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன.

சாணம் கிருமிநாசினி, தலைமுறையாகப் பூசுகிறோம் என்பது அடுத்த வாதம். பூசிய புண் எல்லாம் நோயாவதில்லை என்பது மெய்தான். புண்ணுக்குள் காற்று இருந்தால் கிருமி முளைக்காது, அவ்வளவே. மாட்டின் குடலும் அதன் இருப்பிடம் என்னும்போது சாணத்தைத் தொப்புளில் வைப்பது நோயை நாமே அழைத்து வருவது. பச்சிளங்குழந்தை டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-இல் அறிவிக்கப்பட்டதில் கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசியோடு, சுத்தமான பிரசவத்துக்கும் தொப்புளில் எதையும் தடவாத பழக்கத்துக்கும் பங்குண்டு. மண்ணிலிருக்கும் கிருமி ஒழியவில்லை, ஒழிக்கவும் முடியாது.

தெருநாய்களுக்கு எத்தனை புண், ஒன்றும் ஆவதில்லையே என்றும் கேட்கலாம். நாய், பூனைகளுக்கு இந்த நஞ்சைத் தாங்கும் சக்தி இயல்பிலேயே அதிகம். குதிரைக்கு மிகக் குறைவு, ஆட்டுக்கும் அவ்வளவாக இல்லை. நாயை வைத்து ஆட்டைக் கணக்கிடக் கூடாது.

காயம் பட்டதும் ஒரு டி.டி. தடுப்பூசி போட்டால் தீர்ந்தது என்பதும் பாதி உண்மைதான். முன்பு தடுப்பூசியே போடாத உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாக வாரங்கள் ஆகும். அதுவரை காக்க நஞ்சை முறிக்கும் ஆன்டிடாக்ஸின் தனியாக வேண்டும். ஆகவே ஆட்டுக்குக் காயடிக்க நினைப்பவர் சில வாரங்களுக்கு முன்பே கால்நடை மருத்துவரைப் பார்ப்பது நல்லது. நோயிலிருந்து பிழைத்த ஆட்டுக்கும் தடுப்பூசி தேவை. உயிரைப் பறிக்கப் போதுமான நஞ்சுகூட எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் அளவுக்கு இருப்பதில்லை.