வாரம் 2,200 டாலர்: பிரித்துப் பாருங்கள்!

அமெரிக்காவில் "டிராவல் நர்ஸ்" என்று ஒரு வேலை உண்டு. எந்த ஆஸ்பத்திரியிலும் நிரந்தரமாக இல்லாமல், ஏஜென்சி ஒன்றின் மூலம் 13 வாரம் ஓர் ஊரில், அடுத்த 13 வாரம் இன்னோர் ஊரில் என்று கண்ட்ராக்டில் வேலை பார்க்கும் நர்ஸுகளுக்கு இந்தப் பெயர். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் போய் அங்கே குடியேறிய நர்ஸுகளில் சிலரும் இதில் இறங்குகிறார்கள். முதல் தடவையாகப் போகிறவர் முன்னால் ஏஜென்சிக்காரர் ஒரு தொகையை நீட்டுகிறார். "வாரம் 2,200 டாலர்! நாளைக்குள் பதில் சொல்லுங்கள், இடம் போய்விடும்" என்கிறார்.

அவ்வளவு அவசரம் எதற்கு? நிதானமாகப் பார்த்தால் விஷயம் வெளிப்பட்டுவிடும் என்பதற்காகத்தான்!

கோவை மில் தொழிலாளியிடம் "உனக்கு மாதம் இவ்வளவு" என்று ஒரே தொகையாகச் சொல்லிப் பாருங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி, "அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? படி எவ்வளவு?" என்பதுதான். சேமநல நிதியும் கிராஜுவிட்டியும் எதன் மேல் கணக்கிடப்படும் என்பதைப் பல போராட்டங்களில் அடிபட்டுத் தெரிந்துகொண்டவர் அவர். எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொதுவாகக் கொடுக்கும் அலவன்ஸை அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்துச் சேமநல நிதியைக் குறைக்கக் கூடாது என்று நம் சுப்ரீம் கோர்ட் 2019-ல் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அமெரிக்க நர்ஸிடம் நடத்தும் வித்தையும் இதே குலத்தைச் சேர்ந்ததுதான்.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். வாரம் 36 மணி, அதாவது 12 மணி நேர ஷிப்டு மூன்று. முதல் ஏஜென்சி சொல்லும் 2,200 டாலரில் மணிக்கு 22 டாலர்தான் சம்பளம். 36 மணிக்கு 792 டாலர் ஆகிறது. மீதி 1,408 டாலரும் வீட்டு வாடகைப் படி, சாப்பாட்டுப் படி. இரண்டாவது ஏஜென்சி வாரம் 2,050 டாலர் என்கிறது. அதில் மணிக்கு 40 டாலர் வீதம் சம்பளம் 1,440, படி 610. எது மேல்? 2,200-தான் என்று சட்டென்று சொல்லத் தோன்றும்.

அந்த வாரம் ஆள் போதவில்லை என்று நான்காவது ஷிப்டு பார்க்கச் சொல்கிறார்கள். மொத்தம் 48 மணி. அமெரிக்க மத்திய சட்டப்படி 40 மணிக்கு மேல்தான் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். முதல் ஏஜென்சியில் அந்த 12 மணிக்கும் சேர்த்துக் கிடைப்பது 352 டாலர். இரண்டாவதில் 640 டாலர். வாரக் கணக்கை முடித்துப் பாருங்கள்: 2,552 எங்கே, 2,690 எங்கே! கூடுதல் சம்பளம் என்று நீட்டியது குறைந்த சம்பளமாகிவிட்டது. அதுவும் உடம்பு ஒடிய உழைத்த வாரத்தில்.

இந்த ஏற்பாட்டை எதிர்த்து நர்ஸுகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஏ.எம்.என். சர்வீசஸ் என்ற பெரிய ஏஜென்சியின் வழக்கில் 2021-ல், மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது வட்ட அப்பீல் கோர்ட், அங்கே கொடுக்கப்பட்ட படி உண்மையில் வேலைக்கான ஊதியம்தான், ஓவர்டைம் ரேட்டைக் கணக்கிடும்போது அதையும் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வேலை பார்த்த மணிக்குத் தக்கபடி "சாப்பாட்டுச் செலவு" ஏறி இறங்குமானால் அது சாப்பாட்டுச் செலவா? ஷிப்டுக்குப் போகாத நாளில் நர்ஸுக்குப் பசிக்காதோ!

படிக்கு வருமான வரி இல்லையே, அது லாபம்தானே என்று கேட்கலாம். வாஸ்தவம்தான், ஆனால் நிபந்தனை உண்டு. சொந்த ஊரில் நிஜமாகவே ஒரு வீடு வைத்து, அதற்கும் செலவு செய்து, வேலை பார்க்கும் ஊரிலும் தங்குவதற்குச் செலவு செய்ய வேண்டும். அந்த வேலை ஓராண்டுக்கு உட்பட்ட தற்காலிக வேலையாகவும் இருக்க வேண்டும். சொந்த வீடும் இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. "வீட்டிலிருந்து 50 மைல் தாண்டினால் போதும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குகிறவர்கள் உண்டு. அப்படியொரு 50 மைல் விதி வரி இலாகாவில் இல்லை. நாளைக்குத் தணிக்கை வந்தால் பாக்கி வரியும் அபராதமும் நர்ஸின் தலையில் விழும். கையெழுத்து வாங்கியவர் அப்போது வேறு யாருக்காவது போன் செய்துகொண்டிருப்பார்.

இந்தச் சலுகையில் முதலாளிக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்வார் இல்லை. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேருக்கும் சம்பளத்தில் 7.65 சதவிகிதம் தொழிலாளியும், அதே அளவு முதலாளியும் கட்ட வேண்டும். வரியில்லாப் படிக்கு இது கிடையாது. மேலே சொன்ன இரண்டு கணக்கையும் வைத்துப் பார்த்தால், சம்பளத்தைச் சுருக்கிப் படியைப் பெருக்கிய முதல் ஏஜென்சிக்கு ஒரு நர்ஸுக்கு வாரம் சுமார் 50 டாலர், 13 வாரத்தில் சுமார் 640 டாலர் மிச்சம். நர்ஸுக்கோ? வயதான காலத்துப் பென்ஷன் அவர் வாழ்நாளில் அதிகம் சம்பாதித்த 35 ஆண்டுகளின் சம்பளக் கணக்கை வைத்து வருகிறது. அந்தக் கணக்கில் ஏறுவது 2,200 அல்ல, 792. வேலையில்லாக் கால நிவாரணமும் பதிவான சம்பளத்தை வைத்துத்தான். இன்று வரி மிச்சம் என்று கையில் கொடுத்ததை முதுமையில் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்தது மணி நேர உத்தரவாதம். நோயாளிகள் குறைவு என்றால் ஆஸ்பத்திரி நிர்வாகம் "இன்று வர வேண்டாம்" என்று சொல்லிவிடும். மூன்று ஷிப்டில் ஒன்று போனால் 2,200 என்பது 1,936 ஆகிவிடும். சில கண்ட்ராக்டுகளில் படியையும் பிடித்துக்கொள்வார்கள். வீட்டுக்காரர் வாடகையைப் பிடித்துக்கொள்வாரா? ஆகவே எத்தனை ஷிப்டு வரை ரத்து செய்யலாம், ரத்து செய்தால் சம்பளம் உண்டா, கண்ட்ராக்ட் நடுவில் ரேட்டைக் குறைக்க முடியுமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். 2022-ல் கொரோனா நோயாளிகள் குறைந்ததும், நாடு கடந்து குடிபெயர்ந்து வந்துவிட்ட நர்ஸுகளிடம் பாதிக் கண்ட்ராக்டில் "இனி இந்த ரேட், இல்லாவிட்டால் போகலாம்" என்றார்கள். அதன் பேரில் ஏஜென்சிகள் மேல் வழக்குகள் தொடரப்பட்டன.

வருஷக் கணக்கும் பார்க்க வேண்டும். மூன்று கண்ட்ராக்ட் என்றால் 39 வாரம். 2,200 வீதம் 85,800 டாலர். 52 வாரத்துக்குப் பரப்பினால் வாரம் 1,650. இடையில் வேலையில்லாத வாரங்களில் மருத்துவ இன்ஷூரன்ஸும் பல ஏஜென்சிகளில் நின்றுவிடும். கலிபோர்னியாவும் நியூயார்க்கும் பல மாநிலங்களுக்குப் பொதுவான நர்ஸ் லைசென்ஸ் ஒப்பந்தத்தில் சேரவில்லை; அங்கே தனி லைசென்ஸ், தனிச் செலவு. அதை யார் தருவார்?

ஆஸ்பத்திரி முதலாளிகள் இவ்வளவு கொடுத்து வெளியாளைக் கூப்பிடுவது தாராள மனத்தால் அல்ல. நிரந்தர நர்ஸுக்கு மணிக்கு 5 டாலர் உயர்த்தினால் அதை அடுத்த வருஷமும் கொடுக்க வேண்டும். டிராவல் நர்ஸின் ரேட் 13 வாரத்தில் செத்துப்போகும். கொரோனாக் காலத்தில் ரேட் ஏறியபோது, அதே ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏஜென்சிகளின் விலையைச் சர்க்கார் விசாரிக்க வேண்டும் என்று கூக்குரலிட்டார்கள். 2022 ஜனவரியில் சுமார் 200 காங்கிரஸ் உறுப்பினர்கள் அதே கோரிக்கையோடு வெள்ளை மாளிகைக்குக் கடிதம் எழுதினார்கள். இதன் முடிவில் தங்கள் கூலிக்குத்தான் உச்சவரம்பு வரும் என்று பயந்த நர்ஸுகள் அவ்வருஷம் மே 12-ல் வாஷிங்டனில் ஊர்வலம் போனார்கள். பழைய காலத்துக் கங்காணி தலைக்கு இவ்வளவு என்று தரகு வாங்கினார். ஏஜென்சி மணிக்கு இவ்வளவு என்று வாங்குகிறது. ஆஸ்பத்திரி ஏஜென்சிக்கு மணிக்கு என்ன கொடுக்கிறது என்று நர்ஸ் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொகை ஒன்று உண்டு. வழக்கமான ரேட்டைப் போல இரண்டு மடங்கு, ஓட்டல் அறை, ஆஸ்பத்திரி வாசல்வரை பஸ். எங்கே, எத்தனை நாள் என்று மட்டும் தெளிவாகச் சொல்ல மாட்டார்கள். அது வேலைநிறுத்தத்தை உடைக்க ஆள் சேர்ப்பது! 2023 ஆகஸ்டில் நியூ ஜெர்சி, நியூ பிரன்ஸ்விக்கில் ராபர்ட் வுட் ஜான்சன் ஆஸ்பத்திரியின் சுமார் 1,700 நர்ஸுகள், ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று வரையறை கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். டிசம்பர் வரை நீடித்தது. பதில் ஆட்களுக்காக நிர்வாகம் 10 கோடி டாலருக்கு மேல் கொட்டியது. கூடுதல் நர்ஸுகளை நியமிக்கப் பணமில்லை என்றவர்களிடம் அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? நர்ஸுகள் கடைசியில் வரையறையை வாங்கியே தீர்ந்தார்கள்.

அந்த நாட்டுச் சட்டப்படி ஆஸ்பத்திரியில் வேலைநிறுத்தம் செய்ய யூனியன் 10 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆகவே இந்த ரேட்டோடு போன் வந்தால் முதலில் ஆஸ்பத்திரியின் பெயரைக் கேளுங்கள். பிறகு அந்த ஊர் நர்ஸ் யூனியன் காரியாலயத்துக்கு ஒரு போன் போட்டு, நோட்டீஸ் போயிருக்கிறதா என்று விசாரியுங்கள். போயிருந்தால், அந்தப் பஸ்ஸில் ஏறாதீர்கள்.