படபடப்பு என்றால் எந்தப் படபடப்பு?

எஸ்.பி.எம். தேர்வு மண்டபத்துக்குள் நுழையும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அது படபடப்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் சட்டென்று நிமிடத்துக்கு 180 முறை துடித்தால், அதையும் படபடப்பு என்றே சொல்கிறோம். வீட்டில் இரண்டுக்கும் ஒரே பதில்: “பயப்படாதே, தண்ணி குடி.” இந்த ஒற்றைச் சொல்மீதுதான் எனக்குக் கோபம்.

முதலாவதில், இதயத்தின் இயல்பான தூண்டல் இடமான சைனஸ் முனையே வேகத்தைக் கூட்டுகிறது. ஓட்டம், காய்ச்சல், இரத்தசோகை எதிலும் அப்படித்தான். மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். இரண்டாவது வேறு கதை. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு இறங்க ஒரு பாதை போதும். சிலருக்குக் கூடுதலாக இன்னொன்று இருக்கும். ஒன்றில் இறங்கிய துடிப்பு மற்றதில் ஏறிச் சுற்றத் தொடங்கினால், சுவிட்சைத் தட்டியதுபோல் வேகம் பிறக்கும், அப்படியே நிற்கும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை, அந்தப் பாதையைச் சுட்டுக் குணப்படுத்தவும் முடியும்.

தாத்தா பாட்டிக்கு அதிகம் வருவது மேலறை நடுக்கம். நாடி தாளமே இல்லாமல் தாறுமாறாக ஓடும். இரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். எல்லாவற்றிலும் கொடியது கீழறையில் கிளம்பும் வேகம். அது நடுக்கமாக முற்றினால் நாடியே கிடைக்காது. 2021 ஜூன் 12 அன்று கோப்பன்ஹேகன் மைதானத்தில் இதயம் நின்று விழுந்த டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சனை, அங்கேயே நெஞ்சை அழுத்தியும் மின்னதிர்ச்சி கொடுத்தும்தான் மீட்டார்கள்.

எது எது என்று பிரித்துக் காட்டுவது இ.சி.ஜி. ஆனால் துடிக்கும்போதே எடுக்க வேண்டும். சிக்கல் அங்கேதான். ஒரு காலத்தில் பேராக் ரப்பர்த் தோட்டங்களில் நாடி பார்க்க டிரெசராவது பக்கத்தில் இருந்தார். இன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வண்டி பிடித்து ஈப்போ போய்ச் சேர்வதற்குள் வேகம் நின்றுவிடலாம். தாளில் ஒன்றும் தெரியாது. ‘மனப்பதற்றம்’ என்று திருப்பி அனுப்பப்படலாம். எனவே துடிப்பு ஓடும்போதே, இ.சி.ஜி. எடுக்கக்கூடிய மிக அருகிலுள்ள கிளினிக்குக்குப் போங்கள். அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

அறிவியல் வகுப்பில் குதித்துவிட்டு நாடி எண்ணி வரைபடம் போடுவதோடு முடித்துக்கொள்கிறோம். தாளத்தையும் கவனிக்கக் கற்றுத்தர வேண்டும் என்பேன். 15 வினாடியில் 45 துடிப்பு என்றால் 180. எத்தனை மணிக்குத் தொடங்கியது, திடீரென்றா மெதுவாகவா, சீராகவா கோணலாகவா என்று எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் கூடவே வந்தால் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், 999-ஐ அழையுங்கள்.